வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மவுஸ்: கையைப் பார்த்து வாங்குவோம்

 

பிள்ளைகளின் படிப்புக்காகவும், வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்காகவும் நம் பகுதிக் குடும்பங்கள் பல, சிரமப்பட்டுப் பணம் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைக்கின்றன. வாங்கும்போது ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். மவுஸ் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் எதை எடுத்து வைக்கிறாரோ அதையே பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஆனால் கம்ப்யூட்டரில் நம் கை அதிக நேரம் தொட்டுக்கொண்டிருப்பது மவுஸைத்தான். நம் சகோதரிகள் பலர் வீட்டில் இருந்தபடியே டி.டி.பி., டேட்டா என்ட்ரி, கடைகளுக்கான பில் கணக்கு என்று வேலை செய்கிறார்கள். முடித்த பக்கத்துக்குத்தான் காசு. மவுஸ் மக்கர் செய்தால் அன்றைய வேலை நின்றுவிடும். மணிக்கட்டு வலித்தால் அந்த வாரத்து வேலையே நின்றுவிடும். ஆகவே முந்நூறு, நானூறு ரூபாய்ப் பொருள்தானே என்று விட்டுவிடாமல், இதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

மரக்கட்டையில் தொடங்கியது

மவுஸைக் கண்டறிந்தவர் அமெரிக்காவின் டக்ளஸ் எங்கல்பர்ட். 1964-ல் அவருடைய யோசனைப்படி பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் செய்த முதல் மவுஸ் ஒரு சிறிய மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பட்டன். பின்னர் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் உருண்டை வந்தது. அந்த உருண்டையை எடுத்து அழுக்கைச் சுரண்டிய அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும்.

இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒளி மவுஸ்கள். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1999-ல் இதைப் பொதுமக்கள் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு உருண்டை மவுஸ் மெல்ல மறைந்தது. ஒளி மவுஸின் அடியில் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கும், அதன் அருகே மிகச் சிறிய ஒரு கேமராவும் இருக்கின்றன. விளக்கு மேசையின் மேல் வெளிச்சம் அடிக்க, கேமரா வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுக்கிறது. முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டுத்தான் கை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று மவுஸ் அறிந்துகொள்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வீண் செலவு மிச்சம். கண்ணாடி மேசை, பளபளக்கும் கிரானைட் ஆகியவற்றின் மேல் கேமராவுக்குப் பிடிமானமாக எந்தக் கோடும் புள்ளியும் தெரிவதில்லை. அதனால் திரையில் அம்புக்குறி துள்ளும், அல்லது நகராது. “மவுஸ் போய்விட்டது” என்று புதிது வாங்கும் முன் கீழே ஒரு மவுஸ் பேட் வையுங்கள். இல்லையென்றால் ஒரு நோட்டு அட்டையோ தடித்த காகிதமோ போதும். அப்போதும் துள்ளினால் மட்டும் அடுத்த யோசனை.

யாருடைய கைக்கு வாங்குகிறோம்?

முதல் கேள்வி இதுதான். வீட்டில் யார் அதிக நேரம் அதைப் பிடிக்கப் போகிறார்களோ, அவர்களுடைய கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வாங்கப் போவது அத்தாவாக இருக்கலாம். ஆனால் தினமும் ஐந்து மணி நேரம் உட்காரப் போவது மகள் என்றால் அவளையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக் கோடு வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 17 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிறிய கை. 17 முதல் 19 வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரிய கை. மவுஸின் நீளம் கை நீளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் இருந்தால் வசதியாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. 17 சென்டிமீட்டர் கைக்கு 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மவுஸும், 19 சென்டிமீட்டர் கைக்கு 11 அல்லது பதினொன்றரை சென்டிமீட்டர் மவுஸும் பொருந்தும்.

லேப்டாப்புக்கென்று விற்கும் தட்டையான குட்டி மவுஸ் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பெரியவர்கள் அதைப் பிடித்தால் உள்ளங்கைக்குத் தாங்கல் கிடைக்காது. விரல்களை மடக்கி, கிள்ளிப் பிடித்தபடியே வேலை செய்ய வேண்டியிருக்கும். அரை மணி நேரத்துக்குச் சரி, நாள் முழுவதற்கும் ஆகாது. மறுபுறம், பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய மவுஸைக் கொடுத்தால் அது பட்டனை எட்டுவதற்காக மணிக்கட்டையே தூக்கும்.

சில மவுஸ்கள் வலது கைக்கு மட்டுமே பொருந்தும்படி ஒரு பக்கம் வளைந்திருக்கும். வீட்டில் இடது கைப் பழக்கம் உள்ளவர் இருந்தால் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மவுஸை வாங்குங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய், முதன்மை பட்டனை வலப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

வயர் உள்ளதா, இல்லாததா?

ஓரிடத்தில் வைத்துப் பயன்படுத்தும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, தெரிந்த நிறுவனத்தின் சாதாரண வயர் மவுஸே போதும் என்பது எங்கள் கருத்து. பேட்டரி தேவையில்லை, தொலைந்து போக எதுவும் இல்லை, விலையும் குறைவு. இதன் பலவீனம் வயர்தான். மவுஸிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தில்தான் முதலில் ஒடியும். அந்த இடத்தில் ரப்பர் தடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் வயரை மவுஸைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள்.

வயர்லெஸ் மவுஸில் இரண்டு வகை. ஒன்று, யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு ரிசீவருடன் வருவது. மற்றொன்று புளூடூத். வீட்டில் உள்ள பழைய டெஸ்க்டாப்கள் பலவற்றில் புளூடூத் இருக்காது. விசாரிக்காமல் வாங்கிவிட்டால் இணைக்க வழி இருக்காது. ரிசீவர் வகையில், அந்தச் சிறு துண்டு தொலைந்தால் பெரும்பாலும் மவுஸும் பயனற்றுப் போய்விடும். பல மாடல்களில் பேட்டரி மூடிக்குள்ளேயே அதைப் பத்திரப்படுத்த இடம் இருக்கிறது.

ரிசீவரை சி.பி.யு.வின் பின்பக்கம் செருகினால் அம்புக்குறி சில சமயம் விட்டுவிட்டு நகரும். இரும்புப் பெட்டி குறுக்கே இருப்பதும், அருகிலுள்ள யு.எஸ்.பி. 3 இணைப்புகளிலிருந்து வரும் இரைச்சலும் இதற்குக் காரணமாகலாம். முன்பக்கத் துளைக்கு மாற்றினால் சரியாகிவிடும். வெளியூர் போய்ப் பல நாள் பயன்படுத்தாமல் இருப்பதென்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஒழுகினால் உள்ளே உள்ள கம்பி துருப்பிடித்துவிடும்.

பெட்டியில் உள்ள பெரிய எண்கள்

பெட்டியில் 3200 டி.பி.ஐ., 6400 டி.பி.ஐ. என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் எத்தனை புள்ளி தூரம் போகும் என்பதே அந்த எண். படிப்பு, கணக்கு, தட்டச்சு வேலைகளுக்கு 1000 அளவே தாராளம். விளையாட்டுக்கென்று வண்ண விளக்குடன் வருவதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் வீட்டு வேலைக்குப் பலன் எதுவும் இல்லை.

எண்ணைவிட மேற்பரப்பைக் கவனியுங்கள். மெத்தென்று ரப்பர் பூசிய மவுஸ் கடையில் தொடும்போது சுகமாக இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றிலும் கை வியர்வையிலும் சில ஆண்டுகளில் அந்தப் பூச்சு பிசுபிசுக்கத் தொடங்கும், துடைத்தாலும் போகாது. கடலை ஒட்டி வாழும் நமக்கு, சற்றே சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்தான் நீடித்து உழைக்கும்.

கடையிலேயே சோதியுங்கள்

அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் கடைகளிலேயே நல்ல மவுஸ் கிடைக்கும். பல வகைகளைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகலாம். ஒரு காலத்தில் வானொலி, டி.வி. உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற இந்தச் சந்தை, பின்னர் கம்ப்யூட்டர் பொருட்களின் இடமாக மாறியது. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களிலும் கடைகள் பரவியிருக்கின்றன. அடையாறு, மயிலாப்பூர் பக்கத்தினர் பறக்கும் ரயிலில் கஸ்தூரிபாய் நகரிலோ திருமயிலையிலோ ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கலாம். தி.நகர் பக்கத்தினர் நந்தனத்திலோ தேனாம்பேட்டையிலோ மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடையில் இவற்றைச் செய்து பாருங்கள்:

1. முழங்கையை மடக்கி மவுஸின் மேல் கையை இயல்பாக வையுங்கள். மணிக்கட்டு மேல்நோக்கி வளையாமல் இருக்க வேண்டும். சுட்டுவிரல் நீட்டாமல் மடக்காமல் பட்டனில் உட்கார வேண்டும்.

2. இரண்டு பட்டன்களையும் இருபது முறை அழுத்துங்கள். ஓரத்தில் அழுத்தினாலும் நடுவில் அழுத்தினாலும் ஒரே மாதிரி இலகுவாக இருக்க வேண்டும்.

3. நடுச் சக்கரத்தை மெதுவாக உருட்டுங்கள். படிப்படியாக நகர வேண்டும். வழுக்கவும் கூடாது, சிக்கவும் கூடாது.

4. கம்ப்யூட்டரில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஃபோல்டரை ஒரே ஒரு முறை கிளிக் செய்யுங்கள். அது தானாகத் திறந்துகொண்டால், ஒரு அழுத்தத்தை இரண்டாக எண்ணுகிறது என்று பொருள். உள்ளே உள்ள சுவிட்ச் சரியில்லை. வீட்டில் உள்ள பழைய மவுஸையும் இப்படியே சோதிக்கலாம்.

பிரபல நிறுவனத்தின் பெயரில் போலிகளும் விற்கப்படுகின்றன. பெட்டியின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லாத பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். எழுதும் இந்த நேரத்தில் தெரிந்த நிறுவனங்களின் வயர் மவுஸ் ஏறக்குறைய 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதே பெயரில் நூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் யோசியுங்கள்.

“பில் வேண்டாம் என்றால் ஐம்பது ரூபாய் குறைக்கிறேன்” என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓராண்டு, மூன்றாண்டு என்று வாரண்டி எழுதியிருந்தாலும் பில் இல்லாமல் அதைக் கேட்டுப் பெறுவது கடினம். பில்லை அன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சில பில்களின் மை ஓராண்டில் அழிந்துவிடும். நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

நல்ல மவுஸும் தவறான மேசையும்

எத்தனை நல்ல மவுஸ் வாங்கினாலும், கட்டிலில் சாய்ந்தபடியோ, உயரமான சாப்பாட்டு மேசையில் தோளைத் தூக்கியபடியோ வேலை செய்தால் வலி வரும். மவுஸ், கீபோர்டுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில் இருக்க வேண்டும். கையை நீட்டி எட்டிப் பிடிக்கும் தூரம் கூடாது. மேசை உயரமாக இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு, காலுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்து மட்டும் வராமல் முழங்கையிலிருந்து வரட்டும். அரை மணிக்கு ஒருமுறை கையை எடுத்துவிட்டு எழுந்து நடங்கள்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவதற்காகக் கம்ப்யூட்டர் முன் அமரும் பெரியவர்களுக்கு இரட்டைக் கிளிக் பெரிய தொல்லை. கை நடுக்கத்தில் இரண்டாவது அழுத்தம் தாமதமாகும். மவுஸ் செட்டிங்ஸில் இரட்டைக் கிளிக் வேகத்தையும் அம்புக்குறியின் வேகத்தையும் குறைத்து, அம்புக்குறியைப் பெரிதாக்கிக் கொடுங்கள். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் மரத்துப்போதல், இரவில் கூச்சத்தால் விழிப்பு, பிடித்த பாத்திரம் நழுவுதல் ஆகியவை தொடர்ந்தால் மவுஸை மாற்றிப் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். மணிக்கட்டுக்குள் செல்லும் நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளமாக அது இருக்கலாம். மவுஸ் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது; சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்ப காலம் ஆகியவற்றிலும் இது வரும். இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டுங்கள். தொடக்கத்திலேயே காட்டினால் பட்டை கட்டி ஓய்வு கொடுப்பதோடு சரியாகும் வாய்ப்பு அதிகம். தள்ளிப்போட்டால் விரலின் வலு குறையக்கூடும். செங்குத்தாகப் பிடிக்கும் மவுஸ் சிலருக்குச் சுகம் தருகிறது. அதையும் பிடித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

வாங்கப் போகும் அன்று மூன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: பயன்படுத்தப் போகிறவரின் கை, பெட்டியில் முழு விவரம், கையில் பில். வீட்டு வேலையும் கம்ப்யூட்டர் வேலையும் சேர்ந்து செய்யும் நம் சகோதரிகளின் கைகள் நலமாக இருந்தால்தான் வீடு நலமாக இருக்கும். அந்தக் கைகளுக்காக ஒரு அரை மணி நேரம் கடையில் நின்று பார்த்து வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.