குடிநீரின் காவல் வயலில் தொடங்குகிறது

பெரம்பலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். மேலே மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. கீழே பாறை வெடிப்புகளில் தேங்கும் நீரைத்தான் பாசனக் கிணறும் ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறும் பங்கிட்டுக்கொள்கின்றன. பயிர் எடுத்தது போக மிஞ்சிய யூரியா நைட்ரேட்டாக மாறும். மண் அதைப் பிடித்து வைக்காது. நல்ல மழை பெய்தால் நீரோடு இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய வரம்பு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தமிழகத்தில் சோதித்த மாதிரிகளில் சுமார் 37 சதவீதம் இந்த வரம்பைத் தாண்டியவை. காய்ச்சினால் நைட்ரேட் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும்.

ஒரு விவசாயி மட்டும் உரத்தைக் குறைத்தால் ஊர்க்கிணறு தேறாது. கூடிச் செய்தால்தான் பலன். கூடுவது இப்பகுதிக்குப் புதிதல்ல. ஆற்றுமணல் போனால் குடிநீரும் போகும் என்று மணல் குவாரியை எதிர்த்து நின்றவர்கள் பக்கத்து அரியலூர் மாவட்டம் திருமானூர் பகுதியின் கொள்ளிடக்கரை விவசாயிகள். வெளியிலும் முன்மாதிரிகள் உண்டு. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 7 வறட்சி மாவட்டங்களின் விவசாயிகள் மழையையும் கிணற்று மட்டத்தையும் தாங்களே அளந்து, இருக்கும் நீருக்கேற்பப் பயிரைத் தேர்ந்தார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரக் குடிநீர் நிறுவனம், நீர் ஊறும் மாங்ஃபால் பள்ளத்தாக்கின் விவசாயிகள் இயற்கை வேளாண்மைக்கு மாற 1992 முதல் பணம் கொடுத்துவருகிறது. மியூனிக்கின் இந்த வழியே எனக்கு முக்கியமாகப் படுகிறது: நீரைக் காப்பதும் ஓர் உழைப்பு, அதற்குக் கூலி உண்டு.

விளைச்சல் குறையாதா என்ற கேள்வி நியாயமானது. கண்மூடி வெட்டினால் குறையும். மண் பரிசோதனைப்படி அளந்து, பயிர் கேட்கும் நேரத்தில் பிரித்து இட்டால் வீணாவதுதான் குறையும். வாலிகண்டபுரம், சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையங்கள் இதற்கு வழிகாட்ட முடியும். கழிவறைக் குழிகளும் சாணக்குவியல்களும்கூட நைட்ரேட் தருகின்றனவே என்பதும் உண்மை. அதனால்தான் இதில் ஊராட்சியும் சேர வேண்டும். பரிசோதனை அரசின் வேலை என்று விட்டுவிடவும் முடியாது; நீர் கெட்ட பிறகுதான் அரசின் அறிக்கை நமக்குத் தெரியவரும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர ஏற்பாடு இருக்கிறது. உழவர் குழுக்கள் அவர்களோடு சேர்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் கிணற்று நீரைச் சோதித்து, அளவைக் கிராமசபையில் படித்துக் காட்டட்டும்.