ராட்டினம் நின்ற இடத்தில் கிரேன்

2020 பிப்ரவரி மாதம் எங்கள் கடலூர் மாவட்டம் முழுக்க ஒரே பேச்சுதான். நெய்வேலி என்.எல்.சி. சுரங்கத்தில் நடிகர் விஜய்யின் ‘மாஸ்டர்’ பட ஷூட்டிங். ‘பிகில்’ பட விவகாரத்தில் விஜய்யை விசாரிக்க வருமான வரித் துறையினர் ஷூட்டிங் நடந்த இடத்துக்கே வந்து அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவர் வண்டி மேல் ஏறி நின்று ரசிகர் கூட்டத்தோடு எடுத்துக்கொண்ட செல்ஃபி நாடு முழுக்கச் சுற்றியது. நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்த நாட்கள் அவை. அதே மாதம் 19-ஆம் தேதி இரவு, பூந்தமல்லியைத் தாண்டி இன்னொரு ஷூட்டிங்கில் மூன்று பேர் செத்துப்போனார்கள். செல்ஃபி பேச்சு ஓடிய அளவுக்கு இந்தப் பேச்சு ஓடவில்லை.

அந்த மூன்று பேர் இறந்த இடம் ஒரு காலத்தில் பொழுதுபோக்குப் பூங்கா. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் அருகே இருந்த ஈ.வி.பி. வேர்ல்டு. ராட்டினங்கள், தண்ணீர் விளையாட்டு, சாப்பாட்டுக் கடைகள் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. எங்களுக்கு ராட்டினம் என்றால் வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரத் திருவிழாதான். பத்து நாள் நிற்கும், பிறகு பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். வருடம் முழுக்க நிற்கிற ராட்டினத்தைப் பார்க்கச் சென்னைக்குத்தான் போகவேண்டும். பள்ளிச் சுற்றுலா என்றால் வண்டலூர் மிருகக்காட்சி சாலை, அதை விட்டால் கிஷ்கிந்தா, வி.ஜி.பி. கோல்டன் பீச். கிஷ்கிந்தாவை 1995-இல் தொடங்கியவரே சினிமாக்காரர்தான். இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன். சினிமாவில் சம்பாதித்தவர் பூங்கா வைத்த காலம் அது. ஈ.வி.பி.யின் கதை அப்படியே தலைகீழ்.

2012-இல் அங்கே ராட்டினத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு 24 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர், நண்பர்களோடு விடுமுறையைக் கழிக்க வந்தவர். போலீஸ் வந்தது, கைது நடந்தது, பத்திரிகைகள் விடாமல் எழுதின, பூங்கா மூடப்பட்டது. ஒரு உயிர் போனதற்கு ஒரு பூங்காவே மூடியது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அப்படித்தான் நடக்க வேண்டும்.

மூடிய இடம் சும்மா கிடக்கவில்லை, ஃபிலிம் சிட்டி ஆனது. இதற்குக் கோடம்பாக்கத்தின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆசியாவிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய விஜயா வாகினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று ஆஸ்பத்திரியும் ஷாப்பிங் மாலும் நிற்கின்றன. ஜெமினி ஸ்டுடியோ அண்ணா மேம்பாலத்தின் பேச்சுவழக்குப் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1990-களில் அரசே தரமணியில் ஃபிலிம் சிட்டி தொடங்கியது. அந்தப் பகுதி கம்ப்யூட்டர் கம்பெனிகளின் ஊராகிவிட்டது. நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, பெரிய செட் போட இடமில்லை. சுற்றுச்சுவரும், கார் நிறுத்த இடமும், நெடுஞ்சாலையும் சேர்ந்து அமைந்த ஒரு மூடிய பூங்கா சினிமாவுக்கு வேறென்ன, அல்வாதான்!

அதன் பிறகு தமிழ்நாடே அந்த இடத்தைப் பார்த்தது, அது எந்த இடம் என்று தெரியாமலே. 2018-இல் வந்த ‘காலா’வின் தாராவி நினைவிருக்கிறதா? ரஜினி நடந்து வந்த அந்தச் சந்துகளில் பெரும்பகுதி மும்பையில் இல்லை, இங்கே போட்ட செட். சவுக்குக் கட்டையும் பிளைவுட்டும் தகரமும் வைத்து ஒரு சேரியையே எழுப்பி, அதற்குப் பத்து இருபது வருட அழுக்கையும் பெயிண்டில் ஏற்றிவிடுவார்கள் நம் ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள். ‘பிகில்’ படத்தின் கால்பந்து மைதானத்துக்கும் இங்கேதான் செட் போட்டார்கள். 2017 ஜூன் மாதம் ‘பிக் பாஸ்’ வீட்டின் கதவு திறந்ததும் இதே வளாகத்தில். நூறு நாள் இரவு உணவோடு அந்த வீட்டைப் பார்த்த குடும்பங்கள் எத்தனை! பூங்காவாக இருந்தபோது டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களைவிட, மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களே பல மடங்கு அதிகம்.

ஆனால் சாவு மட்டும் அந்த நிலத்தை விட்டுப் போகவில்லை. 2018-இல், பிக் பாஸ் வீட்டில் ஏ.சி. மெக்கானிக் ஒருவர் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு ‘பிகில்’ செட்டில் உயரத்திலிருந்து விளக்கு விழுந்ததில் படுகாயமடைந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், சில மாதங்கள் கழித்து உயிரை விட்டார். பிறகு அந்தப் பிப்ரவரி 19, ‘இந்தியன் 2’ ஷூட்டிங்.

இரவுக் காட்சிக்கு வெளிச்சம் எப்படி வருகிறது என்று பலருக்குத் தெரியாது. கட்டடம் கட்டுகிற இடத்தில் நிற்குமே, அதே ராட்சதக் கிரேன். அதன் உச்சியில் பெரிய லைட்டுகளைக் கட்டி மேலே தூக்கி நிறுத்துவார்கள். திரையில் நமக்கு நிலா வெளிச்சமாகத் தெரிவது அதுதான். பாரம் தூக்கச் செய்த வண்டி மணிக்கணக்கில் விளக்குக் கம்பமாக நிற்கிறது. அதன் அடியில்தான் லைட்மேன், சாப்பாடு பரிமாறுகிறவர், உதவி இயக்குநர் என எல்லோரும் ஓடியாடி வேலை செய்கிறார்கள். அன்றிரவு அந்தக் கிரேன் சாய்ந்தது. உதவி இயக்குநர் ஒருவர், கலைப் பிரிவு உதவியாளர் ஒருவர், சாப்பாட்டுப் பிரிவு ஊழியர் ஒருவர் இறந்தார்கள். படத்தின் நாயகன் கமல்ஹாசன், தான் நூலிழையில் தப்பியதாக அவரே சொன்னார். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்த அவர், பாதுகாப்பும் காப்பீடும் முறையாக இருக்கிறதா என்று கேட்டுத் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கடிதமும் எழுதினார்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த ஃபிலிம் சிட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிகழ்ச்சிக்கு அரசாங்கம் சீல் வைத்தது உண்டு. 2021 மே மாதம், மலையாள பிக் பாஸ் அங்கே நடந்துகொண்டிருந்தபோது வருவாய்த் துறை அதிகாரிகள் வந்து செட்டை மூடினார்கள். காரணம் கொரோனா ஊரடங்கை மீறியது, இந்தச் சாவுகள் அல்ல.

சினிமாத் தொழிலாளர்களுக்கு 1981-இலேயே மத்திய அரசு சட்டம் போட்டது. வேலை ஒப்பந்தம், தகராறு தீர்ப்பது, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றைப் பேசியது அது. தலைக்கு மேல் தொங்கும் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. ராட்டினத்தில் ஏறுகிறவர் டிக்கெட் வாங்கிய வாடிக்கையாளர், நம் வீட்டுப் பிள்ளை. அவர் விழுந்தால் ஊரே கேள்வி கேட்கிறது. கிரேன் அடியில் நிற்பவர் தினச் சம்பளக்காரர். ‘இந்தியன் 2’ நின்றது, வழக்கானது, கடைசியில் 2024 ஜூலை 12 அன்று வெளிவந்தது. படம் ஏன் தாமதமானது என்று அலசி எழுதியவர்கள், கிரேன் ஏன் சாய்ந்தது என்பதை அந்த அளவுக்கு எழுதவில்லை.

கோயில் திருவிழாவில் நாலு நாள் ராட்டினம் போடுகிறவரிடம்கூட அனுமதிக் கடிதம் கேட்கிற ஊர் இது. இரவு ஷூட்டிங்குக்குக் கிரேன் வந்து நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், விளக்கு மேலே ஏறுமுன், அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு பொறியாளர் இருந்தாக வேண்டும். அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.