பாட்டனாரைத் தேடித்தரும் பழைய ஏடுகள்

உங்கள் பாட்டனாருடைய பாட்டனாரின் பெயர் என்ன? அவர் எந்த ஊரில் பிறந்தார்? என்ன தொழில் புரிந்தார்? இவ்வினாக்களுக்கு நம்மில் பலர் மௌனத்தையே விடையாகத் தருவோம். ஆனால், இங்கிலாந்தில் வயல் கூலியாக வாழ்ந்து மடிந்த ஓர் ஏழையின் வழித்தோன்றலும், முயன்றால், முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தம் முன்னோரின் பெயரைக் கண்டறிய இயலும். மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் வரலாறு எழுத ஆளிருந்தது வியப்பன்று. ஏழைக்கு இப்பேறு எவ்வாறு கிட்டியது? தேவாலயப் பதிவேடு, மக்கள் தொகைக் கணக்கெடுப்புப் படிவம் ஆகிய இரண்டும் பாதுகாக்கப்பட்டதே காரணம்!

இரு பூட்டுகள் கொண்ட பெட்டி

1538 ஆம் ஆண்டு, மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு 'பாரிஷ்'ஷிலும் நிகழும் ஞானஸ்நானம், திருமணம், நல்லடக்கம் ஆகியவை ஏட்டில் எழுதப்பட வேண்டும் என்பதே அது. பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்ப்பகுதி. நம் வழக்கில் சொல்வதானால் ஒரு மஹல்லா. ஞாயிறுதோறும் பாதிரியார், ஆலய நிர்வாகிகள் முன்னிலையில் அவ்வார நிகழ்ச்சிகளை எழுத வேண்டும். ஏட்டை இரு பூட்டுகள் கொண்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி பாதிரியாரிடம்; மற்றொன்று நிர்வாகிகளிடம். ஒருவர் மட்டும் தனித்துத் திறக்க இயலாது!

தொடக்கத்தில் பல ஊர்களில் காகிதத்தில் எழுதினர். அது விரைவில் சிதைந்தது. ஆகவே, பழைய பதிவுகளைப் பதனிட்ட தோலில் படியெடுக்குமாறு 1598 இல் ஆணையிடப்பட்டது. ஆண்டுதோறும் ஒரு நகலைப் பேராயர் அலுவலகத்துக்கு அனுப்பவும் விதிக்கப்பட்டது. நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர் 1564 ஏப்ரல் 26 இல் ஞானஸ்நானம் பெற்றார் என்பதை உலகம் அறிவது, இவ்வாறு படியெடுக்கப்பட்ட ஓர் ஏட்டின் ஒற்றை வரியால்தான்.

1754 முதல் திருமணப் பதிவில் மணமக்களும் இரு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும் என்றாயிற்று. எழுத்தறியாதோர் ஒரு குறியிட்டனர். 1813 முதல் அச்சிட்ட படிவங்கள் வந்தன. குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் இருப்பிடமும் இடம்பெற்றன. இடையே, 1783 இல் அரசு ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தது. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. 1794 இல் அவ்வரி நீக்கப்பட்டது.

வீடு வீடாக எடுத்த கணக்கு

இங்கிலாந்தின் முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 1801 இல் நடந்தது. அது தலைகளை எண்ணியதேயன்றிப் பெயர்களைக் கேட்கவில்லை. நாடு முழுவதும் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது 1841 இல்தான். அப்போதும் 15 வயதைக் கடந்தோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதப் பணித்தனர். 39 வயதுக்காரர் ஏட்டில் 35 ஆனார்! 1851 இல் சரியான வயது, குடும்பத் தலைவருடன் உள்ள உறவு, பிறந்த பாரிஷ் ஆகிய மூன்றும் கேட்கப்பட்டன.

இம்மூன்றாவது விவரமே தேடுவோருக்குக் கிடைத்த திறவுகோல். லண்டன் தெரு ஒன்றில் வாழ்ந்தவர் எந்தச் சிற்றூரிலிருந்து வந்தார் என்பதைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அச்சிற்றூரின் தேவாலய ஏட்டைப் புரட்டினால் அவர் தந்தையின் பெயர் கிடைக்கிறது. அங்கிருந்து தந்தையின் திருமணம், பாட்டனாரின் ஞானஸ்நானம் என ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லலாம். அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிச் செல்வதே முறை. எங்கோ கண்ட புகழ்பெற்ற பெயருடன் தம் குடும்பத்தை ஒட்டவைப்பது முறையன்று. எழுதியவர் காதில் விழுந்தவாறே எழுதியதால், ஒரே குடும்பப் பெயர் பல வடிவங்களில் காணப்படும். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கும் சூட்டிய வழக்கமும் உண்டு. ஆகவே, ஒரு பதிவை மற்றொன்றால் உறுதி செய்தல் இன்றியமையாதது.

கணக்கெடுப்புப் படிவங்கள் பொதுவாக நூறாண்டுகள் மறைவில் வைக்கப்படுகின்றன. 1921 ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 இல் திறக்கப்பட்டன. இங்கிலாந்து, வேல்ஸ் மக்களின் 1931 ஆம் ஆண்டுப் படிவங்களோ 1942 இல் தீக்கிரையாயின. 1941 இல் போரினால் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. தேவாலய மூல ஏடு அழிந்தால், பேராயரிடம் உள்ள நகல் கைகொடுக்கும். 1931 படிவங்களுக்கு அவ்வாறு கைகொடுக்க எதுவுமில்லை.

எழுதப்படாத பெயர்

1616 டிசம்பர் 22 அன்று லண்டன் தேவாலயம் ஒன்றின் ஏட்டில், வங்காள விரிகுடாப் பகுதியில் பிறந்த ஓர் இளைஞர் ஞானஸ்நானம் பெற்றதாக ஒரு வரி உள்ளது. 'பீட்டர்' என்னும் புதுப் பெயர் அதில் இருக்கிறது. ஈன்ற தாய் அவரை அழைத்த பெயர் இல்லை. எழுதப்பட்டது நான்கு நூற்றாண்டுகள் வாழ்கிறது. எழுதப்படாதது அன்றே மறைந்துவிட்டது.

நம் மஹல்லா ஏடுகள்

இந்தியாவில் 1948 ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி, வீட்டு விவரப் படிவங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுவதில்லை. நம் பேரர்கள் அங்கே நம்மைத் தேட இயலாது. எனில், எங்கே தேடுவார்கள்?

பள்ளிவாசல் அலமாரியில் உறங்கும் நிகாஹ் தஃப்தரில்தான்! மணமகன், மணமகள், இருவரின் தந்தையர், வலீ, சாட்சிகள், மஹர் தொகை, நாள் என ஒரு பக்கத்திலேயே இரு குடும்பங்களின் வரலாறு அடங்கியிருக்கிறது. செல்வந்தர் வீட்டு நிகாஹுக்கும் ஏழைப் பெண்ணின் நிகாஹுக்கும் அங்கே ஒரே அளவு இடம். வாரிசுரிமை வழக்குகளில் உறவை மெய்ப்பிக்கவும் அதே பக்கம் உதவக்கூடும்.

அந்த ஏடுகள் கரையானுக்கும் மழைநீருக்கும் இரையாகலாமா? ஜமாஅத் நிர்வாகிகள் பழைய தஃப்தர்களை எடுத்துத் தூசு தட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, நகலை வேறோர் இடத்தில் பாதுகாத்தல் வேண்டும். மையவாடியில் அடக்கம் செய்யப்படுவோரின் பெயர், தந்தை பெயர், நாள் ஆகியவற்றையும் ஒரு வரியில் எழுதி வரலாம். இல்லங்களில் முதியோர் உள்ளபோதே அவர்தம் பெற்றோர், பாட்டனார், பாட்டியார் பெயர்களைக் கேட்டெழுதுவது பிள்ளைகளின் கடமை. குறிப்பாகப் பெண்களின் பெயர்களை விட்டுவிடலாகாது. 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் எழுதினால், அடுத்த தலைமுறைக்குள் அப்பெயர் மறைந்துவிடும்.

இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு மாலைப் பொழுதும், கேட்கும் மனமும் போதும். இன்றே தொடங்குவோமாக!