ஏற்காடு போகாத ஏற்காடு வண்டி

ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் இருக்கிறது. பெயரை நம்பி, அது நேரே மலைமேல் கொண்டுபோய் விடும் என்று எண்ணுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அந்த வண்டி இரவு பதினோரு மணி சுமாருக்குச் சென்னை சென்ட்ரலை விட்டுப் புறப்பட்டு, ஜோலார்பேட்டை, சேலம் வழியாக ஈரோட்டை அடைகிறது. ஏற்காட்டுக்கு ரயில் பாதையே கிடையாது. ஆயினும் பெயர் முற்றும் பொய்யல்ல. பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டை என்று சேர்வராயன் மலையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டுதான் அது சேலத்துக்குள் நுழைகிறது. விடியாத வேளையாதலால் பிரயாணிகள் மலையைப் பார்ப்பதில்லை, தூங்குகிறார்கள். அந்தத் தூக்கத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

சில வருஷங்களாக ஐரோப்பாவில் இராத்திரி ரயிலுக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. மலிவான விமானமும் அதிவேகப் பகல் ரயிலும் பெருகிய பின், அங்கே படுக்கை வண்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வந்தார்கள். 2016 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே அவற்றை அடியோடு கைவிட்டது. அதே மாதத்தில் ஆஸ்திரிய ரயில்வே அவற்றில் ஒரு பகுதியை ஏற்று, 'நைட்ஜெட்' என்னும் பெயரில் ஓட்டத் தொடங்கிற்று. விமானப் புகையால் உலகம் சூடேறுவதை எண்ணிக் கவலைப்படுவோர் இப்போது அவ்வண்டிகளை நாடுகிறார்கள்.

நம் நாட்டில் இராத்திரி ரயில் ஒருநாளும் செத்துப் போகவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பிரயாணி ரயில்கள் யாவும் நின்றபோதுதான் அதன் அருமை ஜனங்களுக்கு நன்கு விளங்கிற்று.

ஏற்காட்டுவாசி ஒருவருக்குச் சென்னையில் காரியம் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியாயிருக்கலாம், ஹைகோர்ட்டாயிருக்கலாம், மகனுடைய பரீட்சையாயிருக்கலாம். மாலையில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, 1,500 மீட்டர் உயரத்திலிருந்து சேலத்துக்கு இறங்குகிறார். இரவு பத்து மணி சுமாருக்கு ரயிலேறிப் படுத்தால், விடியுமுன் சென்னை. பகலில் காரியத்தை முடித்து அன்றிரவே திரும்பினால், மறுநாள் காலை மீண்டும் மலையில் இருப்பார். ஹோட்டல் வாடகை இல்லை. ஒரு பகலுக்குமேல் வேலை கெடுவதில்லை.

2023 ஏப்ரல் 8-ம் தேதி ஆரம்பமான சென்னை-கோயமுத்தூர் வந்தே பாரத் ரயில் சேலத்திலும் நிற்கிறது. வேகம் மெச்சத்தக்கதே. ஆனால் காலையில் ஏறுகிறவர் சென்னை சேர நண்பகல் நெருங்கிவிடுகிறது. காரியம் முடியாவிட்டால் இரவு தங்க இடம் தேட வேண்டும். வேகம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது; இராத்திரி ரயிலோ ஒரு நாளையே மிச்சப்படுத்துகிறது!

இந்தச் சௌகரியம் யாருக்குக் கிடைக்கிறது என்பதே முக்கியமான விஷயம். 1917-ல் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் 13 ரூபாய் 9 அணா கொடுத்துப் பிரயாணம் செய்தார். இரண்டு இரவு அவ்வண்டியில் கழிக்க வேண்டும். பத்திரமாகப் படுக்கப் பலகை கிடையாது. 22 பேருக்கான பெட்டியில் சில சமயம் 35 பேர் இருந்தார்கள். இதையெல்லாம் அவ்வருஷமே எழுதி வெளியிட்டார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் மறைந்தது. ஏழை எளியவர்கள் காலை நீட்டிப் படுக்கும் உரிமை அதற்குப் பிறகும் போராடியே பெறவேண்டியதாயிருக்கிறது. இப்போது பல ரயில்களில் சாதாரணப் படுக்கைப் பெட்டிகளைக் குறைத்துக் குளிர்சாதனப் பெட்டிகளைச் சேர்க்கிறார்கள். குளிர்சாதனம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒருவருக்கு மெத்தை போடுவதற்காக இன்னொருவரின் பலகையைப் பிடுங்கலாமா என்றுதான் கேட்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. 2023 டிசம்பர் 30-ம் தேதி ஓடத் தொடங்கிய அம்ரித் பாரத் ரயிலில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. 12 படுக்கைப் பெட்டிகள். முன்பதிவு வேண்டாத பெட்டிகள் 8. அவை நம் பெரம்பூர்த் தொழிற்சாலையில், நம்மவர் கையால் உருவானவை என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு.

ஐரோப்பாவைப் பார்த்து நாம் இராத்திரி ரயிலைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இருப்பதைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் காப்பாற்றிக் கொடுத்தால் போதும். சாதாரணப் படுக்கைகளைக் குறைக்கக் கூடாது. விடியற்காலை நான்கு மணி சுமாருக்குச் சேலத்தில் குழந்தை குட்டிகளுடன் இறங்குகிறவர்களுக்கு, ஸ்டேஷன் வாசலிலேயே மலைப் பஸ் காத்திருக்க வேண்டும். இவ்விரண்டும் நடந்தால், ஏற்காடு எக்ஸ்பிரஸ் தன் பெயருக்கு முழுத் தகுதி பெற்றுவிடும்.