ஆளுநரும் நிதிக்குழுத் தலைவரும்

தொழிலில் வென்றவர் ஆட்சிக்கு வந்தால் நிர்வாகம் தானாகச் சீராகிவிடும் என்ற நம்பிக்கை தேர்தலுக்குத் தேர்தல் தலையெடுக்கிறது. அதை உரசிப் பார்க்க அமெரிக்காவின் வடக்கு டகோட்டா நல்ல இடம். மக்கள்தொகை எட்டு லட்சத்துக்கும் குறைவான அந்த மாநிலத்தில் 2016 டிசம்பர் முதல் எட்டு ஆண்டுகள் ஆளுநராக இருந்தவர் டக் பர்கம். (அங்கே ஆளுநர் மக்கள் வாக்கில் வருபவர், நம்மூர் ராஜ்பவன் பதவி அல்ல.) 1983-ல் பூர்வீக விளைநிலத்தை அடகுவைத்து, ஃபார்கோ நகரத்தின் கிரேட் பிளெய்ன்ஸ் என்ற கணக்கியல் மென்பொருள் நிறுவனத்தில் பணம் போட்டார். 2001-ல் மைக்ரோசாஃப்ட் அதை 110 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-ல் குடியரசுக் கட்சி மாநாடு அவரை ஒதுக்கிவிட்டு, மாநிலத் தலைமை வழக்கறிஞர் வேய்ன் ஸ்டெனஜெமை ஆதரித்தது. பர்கம் விடவில்லை. கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் நின்று ஏறத்தாழ 60 சதவீத வாக்குகளுடன் ஜெயித்தார். அந்த மாநிலத்தில் வாக்காளர் பதிவு என்ற முறையே கிடையாது. தகுதியுள்ள யாரும் போய் வாக்களிக்கலாம். கட்சிக்காரர்களைத் தாண்டி ஊரை நேரே கேட்க வழி இருந்தது, கேட்பதற்கான பணமும் அவரிடம் இருந்தது.

ஆனால், வாசலைத் திறந்த அதே முறை உள்ளே செல்லுபடியாகவில்லை. அவருடைய செலவுத் திட்டங்களுக்குக் கீழவை நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர் ஜெஃப் டெல்சர் முட்டுக்கட்டையாக இருந்தார். இருவரும் ஒரே கட்சி. 2020 முதல்நிலைத் தேர்தலில் டெல்சரை வீழ்த்த முனைந்த அரசியல் குழுவுக்குப் பர்கம் பத்து லட்சம் டாலருக்கு மேல் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். டெல்சர் தோற்றார். அவரை வென்றவர்களில் ஒருவரான டேவிட் அண்டால் அக்டோபரில் கோவிட் தொற்றால் இறந்தார். பெயர் வாக்குச்சீட்டில் இருந்ததால், நவம்பரில் இறந்தவரே ஜெயித்தார். காலியிடத்தை நானே நிரப்புவேன் என்றார் ஆளுநர். அந்த அதிகாரம் உமக்கில்லை என்றது மாநில உச்ச நீதிமன்றம். தொகுதிக் கட்சிக் குழு நியமித்தது யாரைத் தெரியுமா? டெல்சரை! 2021 கூட்டத்தொடரில் அவர் மறுபடியும் அதே குழுவுக்குத் தலைவர்.

விதியின் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிடலாம். தடையாக இருப்பவரைத் தேர்தலில் எதிர்ப்பது ஜனநாயகம்தானே என்றும் கேட்கலாம். சட்டப்படி தவறில்லை, உண்மை. ஆனால் 94 பேர் கொண்ட அந்த அவையில் ஜனநாயகக் கட்சிக்கு இருபது இடம்கூட இல்லை. ஆளுநரின் கணக்கைத் துருவிக் கேட்க எதிர்க்கட்சிக்குப் பலமில்லாத இடத்தில், ஆளும் கட்சிக்குள் இருக்கும் ஒரு பிடிவாதக்காரர்தான் எதிர்க்கட்சி. நிதி கேட்பவரே நிதி கொடுப்பவரைத் தன் பணத்தால் தேர்ந்தெடுத்தால், நிதிக்குழு எதற்கு? நிறுவனத்தில் ஒத்துவராத இயக்குநரைப் பங்குதாரர் மாற்றலாம், பங்கு அவருடையது. வரிப்பணம் ஆளுநருடையது அல்ல. பணக்காரர் யாருக்கும் கடன்பட மாட்டார் என்ற வாதமும் இங்கே தலைகீழாகிறது. பர்கம் ஆளுநர் சம்பளம்கூட வாங்கவில்லை. நன்கொடையாளர்களுக்கு அவர் கடன்படவில்லை என்பது சரி, அவரே நன்கொடையாளர் ஆகிவிட்டார்.

அப்படியானால் தொழில் அனுபவம் வீணா? இல்லை. மாநில அலுவலகங்கள், நகரங்கள், பள்ளிகள் எல்லாவற்றின் இணையப் பாதுகாப்பையும் ஒரே துறையின் வழிகாட்டலில் கொண்டுவந்த 2019 சட்டம் மென்பொருள்காரரின் கண்ணுக்கு எட்டிய சீர்திருத்தம்தான். அதே ஆண்டில் பூர்வகுடித் தேசமான எம்.எச்.ஏ.வுடன் எண்ணெய் வரியைப் பகிர்வதில் புதிய ஏற்பாடு வந்தது. இரண்டுமே சட்டமன்றத்தைச் சம்மதிக்க வைத்து நடந்தவை. யாரையும் வீட்டுக்கு அனுப்பி நடந்தவை அல்ல. நிர்வாகத் திறமை என்று விளம்பரப்படுத்தப்பட்டதைவிட, பொறுமையாகப் பேசிய இடங்களில்தான் அவருக்குப் பலன் கிடைத்திருக்கிறது.

மூன்றாம் முறை அவர் போட்டியிடவில்லை. 2025-ல் டிரம்ப் அரசில் உள்துறைச் செயலாளர் ஆனார். நிலம், பூங்கா, கனிமம் பார்க்கும் துறை அது. செனட் ஒருமுறை ஒப்புதல் தந்துவிட்டால், அந்த நாற்காலியில் தொடர்வது ஒரே ஒருவரின் விருப்பம். நிறுவனம் நடத்திப் பழகியவருக்கு அது இன்னும் பரிச்சயமான ஏற்பாடாகவே இருக்கும். மேலே இருப்பவர் இப்போது அவரில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.