தன்விவரம்: தாளில் ஒரு சான்று

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் அமைந்துள்ளன. வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய் நீரையும் நம்பி வேளாண்மை நடைபெறும் வானம் பார்த்த பூமி இது. கரிசல் மண்ணில் பருத்தியும் சிறுதானியங்களும் விளைகின்றன. மழை பொய்க்கும் ஆண்டுகளில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழில் பல குடும்பங்களைக் காக்கிறது. அருப்புக்கோட்டை நகரில் கைத்தறிகளும் நூற்பாலைகளும் வேலை தருகின்றன. இக்குடும்பங்களில் பிறந்து உயர்கல்வி கற்கும் இளைஞர் பலர், நேர்காணலுக்குச் செல்லும் முதல் தலைமுறையினர் ஆவர். தன்விவரம் எழுதும் முறையைச் சொல்லித்தர அவர்கள் வீட்டில் முன்னோடி எவரும் இல்லை. எனவே, அதனைக் கற்பது அவர்களுக்கு ஏட்டுப்பாடம் மட்டுமன்று, வாழ்க்கைத் தேவையுமாகும்.

எதை எழுதுவது?

தன்விவரம் என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே அளிக்கும் சான்று. வேலை தருபவரின் தேவைக்கு ஏற்ப அதனை அமைக்க வேண்டும். ஓவியர் லியனார்டோ டா வின்சி 1482ஆம் ஆண்டளவில் மிலான் நகர ஆட்சியாளருக்கு எழுதிய விண்ணப்பக் கடிதம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. போர்ச்சூழலில் இருந்த அந்த ஆட்சியாளருக்குப் பாலங்களும் போர்க்கருவிகளும் அமைக்கும் தம் திறனை அவர் முதலில் விரித்துரைத்தார். ஓவியத்திறனை இறுதியில் சுருக்கமாகக் குறிப்பிட்டார்.

கரிசல் நாட்டு இளைஞர் பலர் மதிப்பெண்களை மட்டும் எழுதிவிட்டுத் தம் உழைப்பை விட்டுவிடுகின்றனர். விடுமுறையில் தறிக்கூடத்தில் நெசவுக்கூலிக் கணக்கு எழுதியதும், பருத்தி மூட்டைகளின் எடையைக் குறித்து வைத்ததும் பட்டறிவே. அவை கணக்கறிவையும் பொறுப்புணர்வையும் காட்டுகின்றன. ‘நெசவுக்கூலிக் கணக்குப் பதிவு, இரண்டு கோடை விடுமுறைகள்’ என உண்மையை உள்ளவாறே எழுதலாம். ஆனால், செய்யாத பணியையும் அறியாத கணினி மென்பொருளையும் சேர்த்தல் தவறு. எழுதிய ஒவ்வொரு வரியிலிருந்தும் வினா எழக்கூடும்.

பெயர், தலைப்பெழுத்து, பிறந்தநாள் ஆகியவை பள்ளிச் சான்றிதழில் உள்ளவாறே அமைதல் வேண்டும். ஒரு சான்றில் தலைப்பெழுத்தும் மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால் சரிபார்ப்பின்போது தடை ஏற்படலாம். புதிதாக வேலை தேடுவோர்க்கு ஒன்று அல்லது இரண்டு பக்கங்கள் போதும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் தன்விவரத்தில் இடம்பெற வேண்டியதில்லை. பலர் கைக்குச் செல்லும் தாளில் அவை இருப்பது மோசடிக்கு வழிவகுக்கும்.

அச்சிடும் முறை

வீட்டில் அச்சுப்பொறி இல்லாதவர் நகரிலுள்ள கணினி மையத்தை நாடுவர். ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு, அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றக்கூடும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்ற பின்னர் இச்சிக்கல் குறைந்துள்ளது. எனினும் பழைய எழுத்துருக்கள் இன்றும் வழக்கில் உள்ளன. ஆகவே, ஒருங்குறியில் தட்டச்சு செய்து, கோப்பைப் பிடிஎஃப் வடிவில் சேமித்து எடுத்துச் செல்லுதல் நன்று. இவ்வடிவில் எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிந்து வைக்க முடியும். பக்க அமைப்பும் மாறாது. தாளின் அளவு ஏ4, அதாவது 210 × 297 மில்லிமீட்டர் என முன்னரே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இயன்றவரை லேசர் அச்சே ஏற்றது. மைத்தெளிப்பு அச்சுப்பொறிகள் பலவற்றில் நீர் கலந்த மை பயன்படுகிறது. வியர்வை பட்டால் அது கசியக்கூடும். லேசர் அச்சில் உலர்ந்த மைத்தூள் வெப்பத்தால் உருகித் தாளில் படிகிறது. செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர் 1938ஆம் ஆண்டு கண்டறிந்த நகலெடுப்பு முறையே இதற்கு அடிப்படை. அம்முறையின் பெயரான ‘ஜெராகிராஃபி’ என்பதற்குக் கிரேக்க மொழியில் ‘உலர் எழுத்து’ என்பது பொருள். கோடை வெயிலில் கூட்டமான பேருந்தில் செல்பவரின் கையில் அவ்வுலர் எழுத்தே அழியாமல் நிற்கும்.

முதலில் ஒரு படி மட்டும் அச்சிட்டு, தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். ஓர் இலக்கம் பிழையானால், தேர்வு பெற்ற செய்தியே வந்து சேராமல் போகலாம். திருத்தம் இருப்பின் பேனாவால் அடித்து எழுதாமல், கோப்பில் திருத்தி மீண்டும் அச்சிடுதல் முறை.

எத்தனை படிகள்?

நேர்காணல் குழுவில் மூவர் இருப்பின் அவர்களுக்கு மூன்று, தமக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என ஐந்து படிகள் தேவை. வேலைவாய்ப்பு முகாம்களில் பல நிறுவனங்கள் ஒரே இடத்தில் ஆள் எடுப்பதால், அணுக எண்ணும் நிறுவனங்களின் எண்ணிக்கையைவிட இரண்டு படிகள் மிகுதியாகக் கொள்ளலாம். தம்மிடம் உள்ள படியை முதல்நாள் இரவு படித்துப் பார்ப்பது வினாக்களுக்கு அணியமாக உதவும்.

படிகளை மடிக்காமல் கோப்புறையில் வைக்க வேண்டும். மூலச்சான்றிதழ்கள் தனி உறையில் இருத்தல் நன்று. சான்றிதழ் நகல்களில் தாமே கையொப்பமிடும் தற்சான்று முறையை நடுவண் அரசு 2014ஆம் ஆண்டு ஊக்குவித்தது. கையொப்பம் நகலில் மட்டுமே இடப்பட வேண்டும். மூலச்சான்றிதழ்களைக் காட்டலாம், உரிய காரணமும் எழுத்து வடிவிலான ஒப்புகையும் இன்றி எவரிடமும் ஒப்படைத்தல் கூடாது. வேலை தருவதாகக் கூறிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

திருச்சுழிப் பகுதியின் சிற்றூர்களிலிருந்து விருதுநகருக்கோ மதுரைக்கோ செல்பவர் விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்நேரத்தில் கணினி மையங்கள் திறந்திரா. மின்தடையும் ஏற்படலாம். ஆகவே, இரண்டு நாள்களுக்கு முன்னரே படிகளை அணியப்படுத்துதல் அறிவுடைமை. மானாவாரி உழவர் மழை வந்தபின் விதை தேடுவதில்லை. கோடையிலேயே உழுது, விதையை எடுத்து வைத்துக் காத்திருப்பர். மழை உழவரின் கையில் இல்லை. விதை அவர் கையில் உள்ளது. நேர்காணலின் முடிவும் இளைஞரின் கையில் இல்லை. பிழையற்ற, உண்மையான தன்விவரத்துடன் செல்வது அவர் கையிலேயே உள்ளது.