வீட்டில் விழும் அடி, வேலையில் தெரியும் வலி

காலை எட்டரை மணிக்கு லேக் மார்க்கெட் பக்கம் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருத்தி அடிக்கடி வேலைக்குத் தாமதமாகப் போனால் "வீட்டு வேலை முடியவில்லை" என்பாள். கன்னம் வீங்கியிருந்தால் "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்பாள். நாமும் நம்பியதுபோலத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

கணவன் கை நீட்டுவது நான்கு சுவருக்குள் முடிந்துபோகும் சங்கதி அன்று. இரவெல்லாம் தூங்காதவள் மறுநாள் கணக்கில் தவறு செய்கிறாள். நேர்முகத் தேர்வன்று பார்த்து அவள் சான்றிதழ்கள் காணாமற் போகின்றன. அலுவலகத்துக்கு மணிக்கொரு தரம் அவனிடமிருந்து தொலைபேசி வருகிறது. சம்பளம் வந்த அன்றே ஏ.டி.எம். அட்டை அவன் கைக்குப் போகிறது. மேலதிகாரியின் கண்ணுக்கு அவள் பொறுப்பில்லாதவள். ஒருநாள் வேலை போகிறது. கையில் காசில்லாதவள் எங்கே போவாள்? அதே வீட்டில்தான் கிடக்க வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 29 பேர். மேற்கு வங்காளத்தில் 27. நம் தமிழ்நாட்டிலோ 38! "நம்மவர்கள் அப்படியில்லை" என்று சொல்ல நமக்கு வாயில்லை.

சொந்த ஊர் என்றால் ஓடிப்போய் நிற்க அண்ணன் வீடு இருக்கும். இங்கிருந்து ஹவுராவில் ரயிலேறினால் சென்னை போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேலாகும். ஆனால் நியாயம் கேட்க அவள் ஊருக்குப் போகவேண்டியதில்லை. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அவள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாஜிஸ்டிரேட்டிடமே மனுச் செய்யலாம். அவள் வேலை செய்யும் இடத்துக்குள் கணவன் நுழையக் கூடாதென்று மாஜிஸ்டிரேட் தடை விதிக்கலாம். இழந்த வருமானத்தை ஈடுசெய்யவும் உத்தரவிடலாம். சம்பளத்தைப் பறிப்பதும், வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும்கூட இச்சட்டத்தின்படி வன்முறையே. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நம் கொல்கத்தாவிலேயே 'ஸ்வயம்' என்ற அமைப்பு 1995 முதல் இத்தகைய பெண்களுக்குத் துணை நிற்கிறது.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்னும் அறிவுரையை முதலில் நிறுத்துவோம். அவளுடைய சான்றிதழ்களின் நகலை நம் வீட்டில் பத்திரமாக வைத்திருப்போம். கோர்ட்டுக்குப் போகும் நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வோம். உடன் வேலை செய்பவர்கள் மேலதிகாரியிடம் அவளுக்காக, அவள் சம்மதத்தோடு, ஒரு வார்த்தை சொல்லலாம். நாளைக் காலையும் அவள் அந்தப் பேருந்தில் ஏறவேண்டும். அதற்கு நம்மால் ஆனதைச் செய்வோம்.